இருபது ரூபாயில் ஒரு தீவு!

உங்கள் பழைய பர்ஸைக் கொஞ்சம் குடைந்து பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில், பஸ் டிக்கெட்டோடு டிக்கெட்டாக மடிந்து போன ஒரு இருபது ரூபாய் நோட்டு கிடைக்கலாம். எல்லோரா படம் போட்ட பச்சை மஞ்சள் நோட்டு இல்லை சார், அது 2019ல் வந்த புதுசு. அதற்கு முந்தைய செங்கல் கலர் நோட்டு. கிடைத்துவிட்டதா? காந்தித் தாத்தாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திருப்புங்கள்.

தென்னை மரங்கள்... நடுவில் கடல்... அக்கரையில் ஒரு மலை... ஓரமாக ஒரு லைட் ஹவுஸ்.

இத்தனை வருஷமாக டீக்கடையிலும், பரோட்டாக் கடையிலும், பஸ் கண்டக்டரிடமும் நாம் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு தீவைத்தான். அந்தமான்! போர்ட் பிளேரிலிருந்து பார்த்தால் எதிரே தெரிகிற காட்சிதான் அது. கையில் இருந்த வரைக்கும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. செலவழித்துவிட்டோம்.

'சரிய்யா, நோட்டுல பார்த்தாச்சு. நேர்ல போய் என்ன ஆகப்போவுது?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. விருத்தாசலத்தில் காலையில் எழுந்து, பல் விளக்கி, பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் சைக்கிளையோ பைக்கையோ விட்டு, சாயங்காலம் வரை ஜாடிக்கும் அகல் விளக்குக்கும் பீஸ் கேரியருக்கும் கணக்கு எழுதி, வெள்ளை மண் தூசியோடு வீடு திரும்புகிற ஒரு இளைஞனுக்குத் தீவு எதற்கு? மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தாலே அது ஒரு திருவிழா. இதில் வங்காள விரிகுடா வேறா?

வேண்டும் சார். கண்டிப்பாக வேண்டும். ஏன் என்றுதான் இந்தக் கட்டுரை.

மூன்று நாள்... மானேஜர் கிடையாது!

சென்னையிலிருந்து அந்தமான் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம். ஒரு தமிழ்ப் படம் இடைவேளை தாண்டுவதற்குள் இறக்கிவிட்டு விடுவார்கள். ஏறினோம், ஒரு சாண்ட்விச் சாப்பிட்டோம், இறங்கினோம். தீவு தூரத்தில் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

தூரம் தெரிய வேண்டுமானால் கப்பலில் போக வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து மாதத்துக்குச் சில தடவை கிளம்புகிறது. சுமார் 60 மணி நேரம். ஆயிரம் பேருக்கு மேல் பிடிக்கும். சொகுசு கேபினும் உண்டு. ரயிலில் ஸ்லீப்பர் கிளாஸ் மாதிரி மேலும் கீழுமாகப் படுக்கை போட்ட 'பங்க்' வகுப்பும் உண்டு. நம்மைப் போன்ற மாசக் கடைசி மகாராஜாக்களுக்கு பங்க்தான்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் இப்படிப் போய் வந்தார். வயது இருபத்தெட்டு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம், முதலாளியிடம் லீவுக்கு அவர் சொன்ன காரணம் வேறு!

"மொதல் நாள் சாயங்காலம் வரைக்கும் ஜாலியா இருந்துச்சு சார். கரை மறையற வரைக்கும் எல்லாரும் மேல்தளத்துல நின்னுக்கிட்டு டாட்டா காட்டுனோம். யாருக்குன்னு தெரியல, சும்மா காட்டுனோம். ராத்திரி கப்பல் ஆட ஆரம்பிச்சுது பாருங்க... எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே சுருண்டு படுத்துட்டேன். பக்கத்து பங்க்ல ஒரு பாட்டி. எழுபது வயசு இருக்கும். ஜம்முனு சம்மணம் போட்டு உக்காந்து வெத்தல இடிச்சிக்கிட்டு இருக்காங்க. 'என்ன தம்பி, மொதத் தடவையா?'ன்னு கேட்டாங்க. ஆமாம் பாட்டின்னேன். 'நான் கல்யாணமாகி இந்தக் கப்பல்லதான்யா வந்தேன். அப்ப வாந்தி எடுத்தது. அதோட சரி. நாளைக்கு உனக்கும் சரியாப் போயிடும்'னாங்க. மறுநாள் நெஜமாவே சரியாப் போச்சு சார்!"

இரண்டாம் நாள்தான் விசேஷம். செல்போனில் சிக்னல் போய் வெகு நேரம் ஆகியிருக்கும். வாட்ஸ்அப் கிடையாது. 'அந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிட்டீங்களா?' என்று கேட்க ஆள் கிடையாது. நாலு பக்கமும் தண்ணீர். கரை ஓரத்தில் கலங்கலாகப் பார்த்த கடல், நடுவில் இங்க் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி நீலமாகிவிடும். திடீரென்று வெள்ளிக் காசை விசிறியடித்த மாதிரி பறக்கும் மீன்கள் தண்ணீரை விட்டுக் கிளம்பிப் பறந்து போய் விழும். அதிர்ஷ்டம் இருந்தால் கப்பலோடு போட்டி போட்டு டால்பின்கள் வரும். ராத்திரி மேல்தளத்துக்கு வந்தால், வானத்தில் இத்தனை நட்சத்திரமா என்று கழுத்து வலிக்கும்.

"அன்னிக்கு என்னா செஞ்சீங்க?" என்று நண்பரைக் கேட்டால், "ஒண்ணுமே செய்யல சார்" என்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் போனஸ் வாங்கிய சந்தோஷம்.

முதல் லாபம் இதுதான். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே செய்யாமல் இருப்பது எப்படி என்று நம்மில் பல பேருக்கு மறந்தே போய்விட்டது. கப்பல் அதைக் கட்டாயப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறது.

அஞ்சு மணிக்கு இருட்டு!

கப்பல் ஹாடோ துறைமுகத்தில் கொண்டு போய்ச் சேர்க்கும். ஊர் பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஹாவ்லாக் தீவு 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி பெயருக்கும் மாறிவிட்டன. குழப்பமாக இருக்கிறதே என்று விருத்தாசலத்துக்காரர்கள் மட்டும் சொல்லக்கூடாது. திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம், விருத்தகாசி என்று ஒரே ஊரை நாலு பெயரில் கூப்பிட்டுப் பழகியவர்கள் நாம்!

அங்கே முதல் அதிர்ச்சி கடிகாரம். குஜராத்துக்கும் அந்தமானுக்கும் ஒரே நேரம்தான். ஆனால் சூரியனுக்கு அந்தச் சட்டம் தெரியாதே? மே, ஜூனில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வந்து ஜன்னலைத் தட்டும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஒன்பது மணி வரை தூங்குகிற பேச்சிலர் பேர்வழிகள் பாதி நாளைத் தொலைத்துவிடுவார்கள். ஜாக்கிரதை.

இரண்டாவது அதிர்ச்சி, இனிமையானது. ஆட்டோக்காரரிடம் நீங்கள் கஷ்டப்பட்டு "கித்னா?" என்று ஆரம்பிப்பீர்கள். அவர், "எங்கண்ணே போவணும்?" என்பார். 2011 கணக்குப்படி அந்தமான் நிக்கோபாரில் மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளமும் இந்தியும்தான் நமக்கு முன்னால். தமிழர் சங்கம் இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். இட்லிக்குச் சாம்பாரும் உண்டு. ஆனால் வெங்காயம், உருளைக்கிழங்கு என்று பலதும் கப்பலேறி வருவதால் விலையைக் கேட்டுவிட்டு ரெண்டாவது கரண்டி கேட்கவும்.

இந்தத் தொடர்பு நேற்று வந்ததில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கிழக்கே போன கதையைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று ஒரு பெயர் வருகிறது. அதுதான் நிக்கோபார். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த தமிழர்களில் சில குடும்பங்களைக் கொண்டு போய் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு! அவர்களுக்கு அது டூர் இல்லை, பிழைப்பு.

ஜாதகம் கேட்காத ஊர்

அந்தமானில் 'லோக்கல் பார்ன்' என்று ஒரு வகை மக்கள் உண்டு. ஜாதிப் பெயர் இல்லை. உள்ளூரில் பிறந்தவர்கள், அவ்வளவுதான்.

கதை இது. 1857 புரட்சிக்குப் பிறகு, 1858ல், பிரிட்டிஷ்காரன் அங்கே கைதிகளின் குடியிருப்பை ஆரம்பித்தான். இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் இருந்து ஆண் கைதிகளையும், பின்னால் பெண் கைதிகளையும் கொண்டு போய்க் கொட்டினான். தண்டனைக் காலத்தில் ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், நிலம் வாங்கி விவசாயம் பார்க்கலாம். கடலைத் தாண்டியதுமே 'காலாபானி' என்று சொல்லி ஊர் ஜாதியை விட்டுத் தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவனுக்கும் தள்ளப்பட்டவளுக்கும் கல்யாணம். இதில் ஜாதகம் யார் பார்ப்பது? குலம் கோத்திரம் யார் கேட்பது? பஞ்சாபிக்கும் வங்காளிக்கும், இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சம்பந்தம் நடந்தது. அவர்கள் வாரிசுகள்தான் லோக்கல் பார்ன்.

இதையெல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பின்னால் போய்க் குடியேறியவர்களில் பல பேர் மூட்டை முடிச்சோடு ஜாதியையும் கட்டிக்கொண்டுதான் போனார்கள். ஆனாலும் சிறைக் கைதிகள் கட்டிக் காட்டிய ஒரு சமாசாரம் நம் பக்கத்தில் இன்னும் பாக்கியிருக்கிறது. 2003ல் நம் விருத்தாசலத்துக்குப் பக்கத்து கிராமத்தில்தானே, ஜாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் விஷத்தை ஊற்றிக் கொன்றார்கள்? தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. அந்த ஊர்க்காரன் ஒருத்தன் போர்ட் பிளேர் டீக்கடையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர், "எங்க கொள்ளுத் தாத்தா பஞ்சாபி, கொள்ளுப் பாட்டி வங்காளி, நான் பேசறது இந்தி, சாப்பிடறது தோசை" என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது, உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறி உட்காரும். இரண்டாவது லாபம் அது.

மேன்ஷன் ரூமும் செல்லுலர் ஜெயிலும்

செல்லுலர் ஜெயிலைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 1896ல் கட்ட ஆரம்பித்து 1906ல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி ஏழு கட்டடங்கள், சுமார் எழுநூறு அறைகள். அறையின் அளவு பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி.

'அட, திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நாங்க மூணு பேர் இருந்த ரூமை விடப் பெருசா இருக்கே!' என்று ஜோக்கடித்துக்கொண்டே உள்ளே நுழைபவர்கள் உண்டு. கம்பிக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிஷம் நின்று பார்த்தால் ஜோக் நின்றுவிடும். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறான். கதவு வழியாகப் பார்த்தால் சுவர்தான் தெரியும். இன்னொரு மனுஷன் முகம் தெரியாது. பேச்சுத் துணைகூடக் கூடாது என்று திட்டம் போட்டுக் கட்டிய ஜெயில்! பகலில் செக்கிழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய். குறைந்தால் அடி.

1933ல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வலுக்கட்டாயமாக மூக்கு வழியே குழாயை விட்டுப் பால் ஊற்றியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா என்ற மூன்று பேர் இறந்து போனார்கள். அதற்குப் பிறகும் அடங்கவில்லை. 1937ல் மறுபடியும் பெரிய உண்ணாவிரதம். கடைசியில் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஏழு கட்டடங்களில் இப்போது நிற்பது மூன்று. 1979 பிப்ரவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவிடமாக்கினார்.

எதிர்க்கரையில் தெரிகிற மலை, அதாவது உங்கள் இருபது ரூபாய் மலை, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. பெயர் மவுண்ட் ஹாரியட். 2021லிருந்து மவுண்ட் மணிப்பூர். 1872 பிப்ரவரி 8ம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு அந்த மலையில் ஏறி சூரிய அஸ்தமனத்தை ரசித்தார். இறங்கிப் படகுத்துறைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. ஷேர் அலி என்ற கைதி பாய்ந்து கத்தியால் குத்தினான். இந்தியாவின் வைஸ்ராய்களில் கொலை செய்யப்பட்டவர் இவர் ஒருவர்தான். டீக்கடையில் நீட்டும்போது அந்த நோட்டுக்குள் இத்தனை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மணலும் பவளமும்

'ஜெயில் கதை போதும். பீச்சைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?' என்கிறீர்கள். வருகிறேன்.

போர்ட் பிளேரிலிருந்து படகில் ஹாவ்லாக். அங்கே ராதாநகர் கடற்கரை. 2004ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. வெள்ளை மணல், பின்னால் ராட்சச மரங்கள் நிறைந்த காடு, முன்னால் மூன்று நாலு தினுசு நீலம். மெரினாவில் சுண்டல் வாங்கிப் பழகிய கண்ணுக்கு, ஒரு பலூன்காரர்கூட இல்லாத கடற்கரை முதலில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கும். 'லீவு விட்டுட்டாங்களா?'

நம் நண்பர் கண்ணாடி முகமூடி மாட்டிக்கொண்டு கடலில் தலையை விட்டிருக்கிறார். "நீச்சல் தெரியாது சார். கிணத்துல கூட எறங்குனது இல்ல. கைட் பையன் கையைப் புடிச்சிக்கிட்டான். தலையை உள்ள விட்டேன். ஒரு நிமிஷம் கழிச்சு வெளிய எடுத்துட்டு, 'தம்பி, உள்ள லைட் போட்டிருக்கீங்களா?'ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். அவ்வளவு கலரு! எங்க யூனிட்ல பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற அக்கா பார்த்தா, பிரஷ்ஷைக் கீழ வெச்சுடுவாங்க."

ஒரு எச்சரிக்கை. பவளம் பூச்செடி மாதிரி தெரியும். உண்மையில் அது லட்சக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. கடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடானாலே வெளுத்துப் போய்விடும். 1998லும் 2010லும் அந்தமானில் அப்படி ஏராளமாக வெளுத்துச் செத்தது. மிதிக்காதீர்கள். செத்த பவளத்தைக்கூட ஷோகேஸுக்கு என்று பையில் போடாதீர்கள். ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள். ஷோகேஸில் வைக்க விருத்தாசலத்தில் இல்லாத பொம்மையா?

போகாமல் இருப்பதும் பயணம்தான்

அந்தமானில் டூர் ஏஜென்ட்டுகள் சில பேர் குரலைத் தாழ்த்தி, "பாராடங் போனா வழியில ஜராவாவைப் பார்க்கலாம் சார்" என்பார்கள். மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் விற்கிற தொனி.

ஜராவாக்கள் சில நூறு பேர்தான். அவர்கள் காட்டுக்குள்ளே புகுந்து போகிறது ரோடு. 2002லேயே சுப்ரீம் கோர்ட் அந்தப் பகுதி ரோட்டை மூடச் சொல்லியும் வண்டிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. 1996ல் கால் ஒடிந்து கிடந்த என்மே என்ற ஜராவாப் பையனை ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் செய்து திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அவர்கள் தாங்களாகவே காட்டை விட்டு வெளியே வந்து சிநேகமாகக் கைநீட்ட ஆரம்பித்தார்கள். நாம் திருப்பிக் கொடுத்தது என்ன? 1999ல் அவர்களுக்கு அம்மை நோய் பரவியது. 2012ல் வெளியான வீடியோவில், சாப்பாட்டைக் காட்டி ஜராவாப் பெண்களை ஆடச் சொல்கிற குரல் கேட்டது. உலகமே காறித் துப்பியது.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். போவா சீனியர். கிரேட் அந்தமானிய இனத்தைச் சேர்ந்த பாட்டி. பிரிட்டிஷ்காரன் வந்தபோது சில ஆயிரமாக இருந்த அந்த மக்கள், இன்றைக்கு ஐம்பது சொச்சம். 'போ' என்ற மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனுஷி அவர். கூடப் பேச ஆளில்லாமல் பறவைகளோடு அந்த மொழியில் பேசுவாராம். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவர் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வைத்தார். 2010 ஜனவரியில் பாட்டி இறந்தபோது, ஒரு மொழியும் கூடவே போய்விட்டது.

தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்குகிறோமே, ஒரு மொழி சாவது என்றால் என்னவென்று அந்தத் தீவில்தான் உறைக்கும். ஜராவாவைப் பார்க்கப் போகாதீர்கள். வேறு வழியில்லாமல் அந்த ரோட்டில் போக நேர்ந்தால் கேமராவைப் பைக்குள் போடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சக்கரம் இல்லாத குயவர்கள்

பீங்கான் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சமாசாரத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நிக்கோபாரில் சௌரா என்று ஒரு குட்டித் தீவு. எட்டுச் சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு காலத்தில் நிக்கோபார் தீவுகளுக்கெல்லாம் மண்பானை அங்கிருந்துதான் போனது. வேறு எந்தத் தீவிலும் பானை செய்யக்கூடாது. அது வழக்கம். மீறினால் கெடுதல் வரும் என்று மற்ற தீவுக்காரர்களுக்குப் பயம். சௌராவில் மந்திரவாதிகள் அதிகம் என்ற பேச்சு வேறு! இதையெல்லாம் ஈ.ஹெச். மேன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 19ம் நூற்றாண்டின் கடைசியில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

வேடிக்கை என்ன தெரியுமா? சௌராவில் பானைக்கான களிமண்ணே கிடையாது! பக்கத்துத் தெரெசா தீவுக்குப் படகில் போய் மண்ணை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பானை செய்வது பெண்கள். சக்கரம் கிடையாது, மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, கையாலேயே இழைத்துச் சுடுவார்கள்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊரு மாதிரியேதான் சார்! நமக்கும் நெய்வேலிலேருந்துதானே வெள்ளை மண்ணு வருது! லாரிக்குப் பதிலா அவங்களுக்குப் படகு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் பேசவில்லை. "தெனமும் அந்தத் தூசியத் தட்டிக்கிட்டே திட்டிக்கிட்டு இருந்தேன் சார்..."

2004 டிசம்பர் 26ம் தேதி சுனாமியில் நிக்கோபார் தீவுகள் நொறுங்கிப் போயின. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் தரையே நாலு மீட்டர் அளவுக்கு இறங்கி, லைட் ஹவுஸ் தண்ணீருக்குள் நின்றது. சௌரா மக்களை மொத்தமாகத் தெரெசாவுக்குக் கொண்டு போனார்கள். எந்தத் தீவிலிருந்து மண் எடுத்தார்களோ அதே தீவுக்கு. அப்புறம் தங்கள் குட்டித் தீவுக்கே திரும்பிவிட்டார்கள்.

நீங்களும் நானும் சௌராவுக்குப் போக முடியாது. பழங்குடி மக்களின் தீவு, டூரிஸ்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு திரும்பலாமே? நம் ஊர்த் தொழில் உலகத்தின் எந்த மூலையிலெல்லாம், எந்தெந்தக் கைகளால் நடக்கிறது என்பதைக் கடல் தாண்டிப் போனால்தான் தெரியும் போலிருக்கிறது.

கிளம்புமுன் கவனிக்க...

* அக்டோபரிலிருந்து மே வரை போகலாம். ஜூன் முதல் மழை பிய்த்து உதறும். அக்டோபர், நவம்பரில் புயல் செய்தியைப் பார்த்துக்கொள்ளவும்.

* விருத்தாசலம் ஜங்ஷனில் காலை ரயிலைப் பிடித்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் சென்னை. கப்பல் தேதி முன்னே பின்னே மாறும். அதனால் கப்பலில் போய் விமானத்தில் திரும்புவது உத்தமம். லீவு முடிந்து நாலு நாள் கழித்து வந்து நின்றால், ஆபீசில் உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

* போர்ட் பிளேர், ஹாவ்லாக், நீல் தீவுகளுக்கு இந்தியர்களுக்கு பர்மிட் தேவையில்லை. அடையாள அட்டை போதும்.

* மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி.யில் அந்தமானுக்குத் தனிச் சலுகையைப் பல வருஷமாக நீட்டித்து வந்திருக்கிறார்கள். கிளம்புமுன் சர்க்குலரைப் படிக்கவும். மேஜையில் எங்காவது அடியில்தான் இருக்கும்.

* வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம், ஊறுகாய். கப்பலில் இந்த மூன்றும் இருப்பவன்தான் கோடீஸ்வரன்.

கடைசியாக, காசு!

'எல்லாம் சரி, செலவு?' என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். தங்கச்சி கல்யாணம், எல்.ஐ.சி. பிரீமியம், வண்டிக் கடன் என்று வரிசையாக நிற்கும்போது, ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டு போய்க் கடலில் போடுவதா?

விருத்தாசலத்துக்காரருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சுந்தரர் நம் ஊர் ஈசனிடம் பொன் வாங்கினார். பன்னீராயிரம் பொன். அதைத் தூக்கிக்கொண்டு நடக்காமல் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டார். திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடினார், கிடைத்தது. 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடறது' என்று ஊரே கிண்டலாகச் சொல்கிற கதை, நம் ஆற்றில் ஆரம்பித்த கதைதான்.

பயணத்துக்குப் போட்ட காசும் அந்த ஜாதி. கடலில் போட்டது கடலில் கிடைக்காது. ஒரு நாள் சாயங்காலம், தொழிற்பேட்டை வாசலில் சட்டையில் படிந்த வெள்ளை மண்ணைத் தட்டும்போது, திடீரென்று சௌரா தீவுப் பெண்கள் ஞாபகம் வரும். ஜாதி பேசும் ஒருத்தரிடம் 'போதும் நிறுத்துய்யா' என்று சொல்லத் தைரியம் வரும். மொத்தமும் வட்டியோடு இங்கேயே கிடைக்கும்.

சுந்தரருக்கே குளத்தில் இறங்கித் தேட வேண்டியிருந்தது. நீங்கள் முதலில் லீவ் லெட்டர் எழுதுங்கள் சார்!